கட்டிங் பிளேயர்: கரடி மார்க்கா, காட்டெருமை மார்க்கா?

ஒரு காட்டுல, கரண்டு வந்து மூணே வருசம் ஆன காட்டுல, சொரிமுத்துன்னு ஒரு கீரி எலெக்ட்ரீசியன் வேலை பாத்துக்கிட்டு இருந்தான். பாவநாசத்துக்கு மேல ஏறிப் போனா வரும் அந்தக் காடு. சிங்கம் எங்கன்னு கேக்காதீங்க. அந்தப் பக்கமே சிங்கம் கெடையாது. கதைக்காக வேணும்னா ஒண்ணைக் கொண்டாந்து விடலாம், அதுக்குத் தீனி யாரு போட?

அங்க கரடிதான் பஞ்சாயத்து பிரெசிடெண்டு. அதுக்கு முந்தி காட்டெருமை பிரெசிடெண்டா இருந்தாரு, போன தேர்தல்ல ஏழு ஓட்டுல தோத்துட்டாரு. அதுலேர்ந்து ரெண்டு பேரும் ஒரே ஓடையில தண்ணி குடிக்க மாட்டாவ. ஒருத்தர் குடிச்சிட்டுப் போனா, அந்தத் தண்ணி ஓடி முடியட்டும்னு இன்னொருத்தர் கரையில காத்துக்கிட்டு நிப்பாரு. ஓடை எப்ப ஓடி முடிய? பாதி நாளு தாகத்தோடதான் வீட்டுக்குப் போவாவ.

அது கெடக்கட்டும். வடிவுன்னு ஒரு கவுதாரி இருந்தா. பதினோரு முட்டை இட்டிருந்தா. முந்தியெல்லாம் கவுதாரி தானே உக்காந்து அடைகாக்கும். இப்ப அதுக்கும் திட்டம் வந்துட்டு. முட்டையைக் கொண்டு போய்க் குடுத்தா ஒரு தகரப் பெட்டிக்குள்ள வச்சு, குண்டு பல்பு ஒண்ணைப் போட்டு, மூடிப் பூட்டி, அரக்கு சீல் வச்சுக் குடுத்துருவாவ. சாவி நாரை அதிகாரிகிட்ட. பதினெட்டாம் நாள் அவரு வந்து தொறந்து, பொரிச்ச குஞ்சுக்கு அங்கனயே பிறப்புச் சான்று எழுதிக் குடுப்பாரு. நடுவுல யாராவது சீலை உடைச்சா, குஞ்சு கண்ணு முன்னால ஓடுனாலும் பொறக்கலன்னுதான் அர்த்தம். காத்துப் போவ பெட்டியில பக்கத்துக்கு ஆறு ஓட்டை.

பதினாறாம் நாள், புதன்கிழமை மத்தியானம், பல்பு அணைஞ்சிட்டு.

வடிவு பெட்டி மேல ஏறி உக்காந்து பாத்தா. தகரம் அவ சூட்டை வாங்கிக்கிட்டுதே தவிர முட்டைக்குக் குடுக்கல. ஓடிப் போய் சொரிமுத்தைக் கூட்டியாந்தா. கீரின்னா முட்டை திங்குற கூட்டந்தானேன்னு நீங்க நெனைக்கலாம். நெசந்தான். ஆனா லைசென்சு எடுக்கும்போது, வேலை பாக்குற எடத்துல எதையும் திங்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருந்தான். வடிவுக்கு அந்தக் காயிதத்து மேல அவ்வளவு நம்பிக்கை கெடையாது. அவன் டெஸ்டரை வச்சுப் பாக்கும்போது அவன் கையைப் பாக்கல, வாயைத்தான் பாத்துக்கிட்டு நின்னா.

போஸ்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல எலி வயரைக் கொறிச்சுப் போட்டிருந்துது. எலியைக் குத்தம் சொல்ல முடியாது. அதுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும், எதையாவது கொறிக்கணும். அது வீட்டுல தேங்கா கெடந்தா தேங்காயைக் கொறிக்கும், வயரு கெடந்தா வயரு.

சொரிமுத்து சொன்ன விசயம் இதுதான். ரெண்டு கையை விரிச்ச நீளம் ஒரு பாகம், அப்பிடி மூணு பாகம் புது வயரு வேணும், வெட்டிச் சேக்க ஒரு கட்டிங் பிளேயரு வேணும், பத்து நிமிசத்துல முடிஞ்சிரும். ஆறு மணி வரைக்கும் வெயில்ல தகரம் சூடா இருக்கும், பயமில்ல. பொழுது எறங்குனா மலைக்காத்து வரும். பொறவு ஒரு மணி நேரம்கூட முட்டை தாங்காது.

அவனோட பழைய பிளேயரு முந்தின நாள்தான் போஸ்டு மேல இருந்து கைதவறி அருவியில விழுந்துட்டு. அதனால மரநாய் கடைக்குப் போனான். மரநாயும் நல்லவன்தான், சாமான் நெறைய வச்சிருப்பான், ஆனா எது எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. குத்துவெளக்குத் திரி கேட்டா கொசுவத்தியை எடுத்து நீட்டுவான். அன்னிக்கு வயரு கேட்டவொடனே எடுத்துக் குடுத்தான், ஏன்னா கடையிலயே மிச்சம் அந்த ஒரு பாதிச் சுருளுதான். பிளேயரு ரெண்டு இருந்துது. ஒண்ணு கரடி மார்க். ஒண்ணு காட்டெருமை மார்க்.

எலெக்ட்ரீசியன் பிளேயரு வாங்குறதை நீங்க பாத்திருக்கீயளா? எங்க நாத்தனா வீட்டுக்காரரு லைன்மேனு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்க மூணு கடை ஏறி எறங்குவாவ, முனையை நகத்துல ஒரசிப் பாப்பாவ, கைப்பிடியை மோந்து பாப்பாவ. எங்க நாத்தனாளைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு சரின்னுட்டாவ. அது ஒரு கொணம்.

சொரிமுத்தும் அப்பிடித்தான். கரடி மார்க்கை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு வாயை மூடிப் பாத்தான். இடுக்குல ஒரு பொட்டு வெளிச்சம் தெரியல. வெட்டு பிரமாதம்னான், ஆனா கைப்பிடி ரப்பரு வெயில்ல கழண்டு வரும்னான். காட்டெருமை மார்க்கை ஒத்தக் கையால தொறந்து மூடிப் பாத்தான். கைப்பிடி கெட்டி, ஷாக் அடிக்காதுன்னான், ஆனா மூட்டு இறுக்கம், ஒரு கையில போஸ்டைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால தொறக்க முடியாதுன்னான். வேற எவனாவது இருந்தா ஒண்ணைச் சத்தமில்லாம வாங்கிட்டுப் போயிருப்பான். இவன் தொழில்காரன், வாய்விட்டு ஒப்பிட்டுப் பாத்துட்டான்.

பக்கத்துல ஒரு குரங்கு செல்போனுக்கு ரீசார்ஜு பண்ண நின்னுக்கிட்டு இருந்துது. கால் மணி நேரத்துல பிரெசிடெண்டு கடை வாசல்ல வந்து நிக்காரு.

"ஏல சொரிமுத்து, என் மார்க்குக்கு ரப்பரு கழலும்னு சொன்னியாமே?"

சொரிமுத்து பணிவாத்தான் சொன்னான், அது ஒங்க மார்க்கு இல்ல அய்யா, எவனோ கம்பெனிக்காரன் ஒங்க படத்தைப் போட்டிருக்கான்னு.

"எனக்குத் தெரியாதாக்கும்? போட்டவன் யாருன்னே எனக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவுமில்ல. ஆனா போட்டது என் மூஞ்சி."

அவரு பேசி முடிக்கல, காட்டெருமையும் வந்துட்டாரு. அவருக்குக் குரங்கு மூட்டுச் சமாசாரத்தை மட்டும் சொல்லியிருந்துது. பிளேயரைத்தான் சொன்னானாம்னு வெளக்கமாவும் சொல்லியிருந்துது. அவருக்கு அதுல சந்தேகமே இல்ல. பிளேயரு மூட்டு இறுக்கம்னே இருக்கட்டும்வே, அதை அந்தக் கரடிப் பயலோட பிளேயருக்குப் பக்கத்துல வச்சு ஏன் சொன்னன்னு கேட்டாரு.

சொரிமுத்து மார்க்கே இல்லாத பிளேயரு இருக்கான்னு மரநாய்கிட்ட மெதுவா கேட்டான். இருந்துதாம், யாரும் வாங்கலன்னு திருப்பி அனுப்பிட்டானாம்.

வடிவு அழுவல. ரெண்டு பேரு கால்லயும் விழுந்து, ஆறு மணிக்கு மேல எம் பிள்ளைங்க பொழைக்காதுன்னு சொன்னா. அதுல ரெண்டு பெரியவருக்கும் மாறுபாடு இல்ல. முட்டை கண்டிப்பா பொழைக்கணும்னுட்டாவ. எந்தப் பிளேயரால பொழைக்கணுங்கிறதுலதான் பேச்சு நின்னுது. சொரிமுத்து கரடி மார்க்கை எடுத்தா காட்டெருமை வழியை மறிச்சுக்கிட்டு நிக்காரு. காட்டெருமை மார்க்கை எடுத்தா கரடி கடைக் கதவுல சாய்ஞ்சுக்கிடுதாரு. கடைசியில ஞாயமா ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணுவோம்னு ரெண்டு பேருமே சொன்னாவ. அப்ப மணி மூணு.

ரெண்டு பிளேயர்லயும் படம் தெரியாம டேப்பைச் சுத்துனாவ. வெட்டுறது சொரிமுத்து, எண்ணுறது குரங்கு. வயரைச் சாண் சாணா வெட்டணும். மொத துண்டு சுத்தமா விழுந்துது. இன்னொரு தடவைன்னாரு காட்டெருமை. ரெண்டாவது அதைவிடச் சுத்தம். இந்த எடத்துல வயரு மெலிசுன்னாரு கரடி. வெட்டு முடிஞ்சதும் தோலு உரிக்கிற போட்டி. அது முடிஞ்சதும் முறுக்குற போட்டி. நடுவுல குரங்கு எண்ணிக்கையை மறந்துட்டு, மொதல்லேர்ந்து ஆரம்பிச்சாவ. இந்தக் குரங்குக்கு எண்ணத் தெரியும்னு யாரு சொன்னான்னு கேட்டா அது ஒரு தனிக்கதை, ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் போன குரங்கு அது, மரங்கொத்தி வீட்டுல ஒரே ஆளை ஜன்னலுக்கு ஜன்னல் பாத்து ஒம்போது பேருன்னு எழுதிட்டு வந்துது. சரி, அதை விடுங்க.

வடிவு பெட்டிக்கும் கடைக்கும் நடந்துக்கிட்டே இருந்தா. போவும்போதெல்லாம் தகரத்துல நெஞ்சை வச்சுப் பாப்பா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்.

அஞ்சரை மணிக்கு முடிவு சொன்னாவ. ஆளுக்குத் தொண்ணூத்தாறு. சமம். ரெண்டு மார்க்குமே நல்ல மார்க்குன்னு சொரிமுத்து மனசாரச் சொன்னான். சொல்லிட்டு வயரை எடுக்கத் திரும்புனான்.

வயரு இல்ல. கடை வாசல் பூரா சாண் சாணா துண்டு கெடக்கு.

துண்டையே ஒட்டுப் போடேம்ல, அதான் ரெண்டு பிளேயரு இருக்கேன்னாரு கரடி. மூணு பாகத்துக்கு இருவத்துநாலு துண்டு வேணும், இருவத்துமூணு முறுக்கு வரும்னான் சொரிமுத்து. பனி எறங்கி ஒரு முறுக்கு நனைஞ்சு தகரத்துல பட்டாப் போதும், முட்டை பொரிக்காது, அவிஞ்சிரும். நான் கீழ ஊருக்குப் போய் வேற வயரு வாங்கிட்டு விடியக்காலம் வாரேன்னு சொன்னான். வடிவு மூஞ்சியைப் பாக்காம எறங்கி ஓடிட்டான்.

மலைக்காத்து வர ஆரம்பிச்சுது. வடிவு ரெண்டு பெரியவரையும் மாறி மாறிப் பாத்தா. பொறவு பிரெசிடெண்டுகிட்ட ரொம்ப மரியாதையா சொன்னா.

"அய்யா, பெட்டியில பக்கத்துக்கு ஆறு ஓட்டை இருக்கு. பழைய பிரெசிடெண்டு மூச்சு அடுப்பு மாதிரி இருக்கும்னு எங்க வீட்டுல சொல்லுவாவ. ஒங்க மூச்சு எப்பிடின்னு எனக்குத் தெரியாது. யாரும் ஒப்பிட்டுப் பாத்ததில்லையாம்."

கரடி பெட்டிப் பக்கம் திரும்புனாரு. காட்டெருமையும் திரும்புனாரு. ரெண்டு பேரும் நடந்து போறது மாதிரிப் போய், பாதி வழியில ஓட ஆரம்பிச்சாவ.

காட்டெருமை கெழக்குப் பக்கத்து ஓட்டையில மூக்கை வச்சாரு, கரடி மேக்குப் பக்கம். ஒரு பக்கம் பச்சைப் புல்லு வாசம், மறுபக்கம் தேனும் கரையானும். வடிவு மூடி மேல உக்காந்துக்கிட்டா. கெழக்க கொஞ்சம் ஆறுனா, மேக்கதான் நல்லா கதகதன்னு இருக்குன்னு சத்தமா சொல்லுவா. ஒடனே கெழக்க சூடாயிரும். மேக்க ஆறுனா அதே மாதிரி. பொய்யி சொல்லல பாத்துக்கோங்க, ஆறின பக்கத்தை மட்டும் சொல்லாம விட்டா. குரங்கு பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணுச்சு. அதை யாரும் திருத்தப் போவல.

விடிஞ்சதும் சொரிமுத்து மூச்சு வாங்க ஓடியாறான். தோள்ல புதுச் சுருளு. பிளேயரும் கீழ ஊருல ஒருத்தர்கிட்ட எரவல் வாங்கியாந்துட்டான், படமே இல்லாதது. பத்து நிமிசத்துல பல்பை எரியவிட்டுருதேன்னான். வடிவு பறந்து வந்து அவனை ஒரு பொதருக்குப் பின்னால தள்ளிக்கிட்டுப் போனா.

"அண்ணாச்சி, வயரை மறைச்சு வைங்க."

"என்ன தங்கச்சி சொல்லுத? ராத்திரிப் பூரா ஓடியிருக்கேன்."

"கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு ஒங்களால சொல்ல முடியுமா?"

மூணு வருசமா எலெக்ட்ரீசியனா இருக்கான். அது அவனுக்கே ஒரு தடவை கூடத் தெரிஞ்சதில்ல.

"இவுக போவ மாட்டாவ. பிரெசிடெண்டு எந்திரிச்சா பழையவரு ஜெயிச்சிருவாரு. பழையவரு எந்திரிச்சா பிரெசிடெண்டு ஜெயிச்சிருவாரு. ஒண்ணுக்குப் போறதுன்னாக் கூட சேந்து போயி சேந்துதான் வாராவ. நீங்க பல்பைப் போட்டீயன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவாவ. பொறவு மறுபடி எலி வந்தா நான் யாருகிட்ட போவேன்?"

சொரிமுத்து சுருளைக் கீழ எறக்குனான். அவன் தொழிலுக்கு அது கேவலமாத்தான் இருந்துது. ஆனா பொதருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் ஒரு மில்லு ஓடுற மாதிரி கேட்டுக்கிட்டு இருந்துது. அவன் போட்ட எந்த லைனும் இப்பிடி ஒரு ராத்திரி முழுசும் விடாம ஓடுனது கெடையாது. வயரை எலையைப் போட்டு மூடுனான். மூடிட்டு அது மேலயே படுத்துத் தூங்கிட்டான், பாவம்.

வெள்ளிக்கிழமை நாரை அதிகாரி வந்தாரு. சீலைப் பாத்தாரு, உடையல. தொறந்தாரு. பதினோரு குஞ்சும் பொரிச்சிருந்துது. ஒண்ணு கூடக் குளிர்ல நடுங்கல. வடிவு ஒவ்வொண்ணையும் மூக்கால தொட்டுத் தொட்டுப் பாத்தா, அப்பத்தான் மொத தடவையா அழுதா.

ரெண்டு பெரியவருக்கும் தொண்டை கட்டிப் போச்சு, பேச முடியல. யாரு பக்கம் சூடு கூடன்னு சைகையிலதான் கேட்டாவ. நாரை படிவத்தைப் பாத்தாரு. சூடு குடுத்தது எதுன்னு ஒரு எடம் இருந்துது. பல்பு, இதர வகைன்னு ரெண்டுதான் போட்டிருந்துது. இதர வகைங்கிறதுல ஒரு டிக் அடிச்சிட்டுப் போயிட்டாரு. கரடி அதைத் தன்னைத்தான் சொன்னாருன்னு எடுத்துக்கிட்டாரு. காட்டெருமையும் அப்பிடியே எடுத்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் திருப்தியா வீட்டுக்குப் போனாவ.

மறு வாரம் மயிலு, காட்டுக்கோழி, சிட்டுன்னு ஆறு பேரு தகரப் பெட்டியோட சொரிமுத்து வீட்டு வாசல்ல வரிசையில நின்னாவ. எல்லார் வீட்டுலயும் பல்பு நல்லாத்தான் எரிஞ்சுது. லைனைக் கழட்டி விடணும், எங்க பெட்டிக்கும் அந்தப் பெரியவுக மூச்சு வேணும், அதுக்குத்தான் வந்தோம்னாவ. சொரிமுத்து ஒண்ணொண்ணா கழட்டிக் குடுத்தான். அதுக்கு எந்த மார்க் பிளேயரு நல்லதுன்னு அவன் வாய்விட்டுச் சொல்லல.

நீதி: முட்டை பொரிக்கணும்னா கரண்டை நம்பாதீங்க, ஒருத்தரை ஒருத்தர் கண்டா ஆவாத ரெண்டு பெரிய மனுசரை ஆளுக்கொரு ஓட்டையில நிப்பாட்டுங்க. வயரு கெடைச்சுட்டுன்னா எக்காரணம் கொண்டும் அவுக கண்ணுல காட்டிராதீங்க.