பியானோ பெஞ்சுக்கு ஆள் வருகிறார்

இந்த விடுமுறை நாள் முழுக்க சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். ஒரு காபி குடித்து முடிக்கும்வரை அது உயிரோடு இருந்தது.

என் மனைவி பியானோ டீச்சர். வகுப்பெல்லாம் எங்கள் முன்னறையில்தான். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுக்கு இரு பக்கமும் குமிழ் உண்டு. முன்னால் திருகினால் உயரும், பின்னால் திருகினால் இறங்கும். கொஞ்ச நாளாக யாரும் திருகாமலே இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கும் பிள்ளை, பாட்டு முடிவதற்குள் மூக்கால் வாசிக்க வேண்டியிருந்தது.

“பெஞ்ச நீங்க தொட வேணாம். நாளைக்கு ரிப்பேர்காரர் வர்றார்,” என்றாள்.

“எந்த ரிப்பேர்காரர்?”

“பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. எந்த வேலையா இருந்தாலும் செய்வாராம்.”

“ஆள் எப்படி?”

“நல்ல உயரமாம். மெல்லிசா விசிலடிச்சுக்கிட்டே வேலை பார்ப்பாராம். கையில அழுக்கே ஒட்டாதாம்.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“பெஞ்சப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே நீங்க.”

எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷத்தில் என் உயரத்தைப் பற்றி இவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யார் அந்த ஆள் என்று தெரிந்தே ஆகவேண்டும். வெளியே போனேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் கேட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

“சார், விசிலடிக்கிற ரிப்பேர்காரர் ஒருத்தராமே, பாத்திருக்கீங்களா?”

அவர் பிரஷ் நின்றது. “இந்த கேட்டுக்கு அவர்தான் வர்றதா இருந்துச்சு. நான் முந்திக்கிட்டேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஃபேன் ரிப்பேருக்கும் வர்றதா இருந்தார். அதுலயும் நான் முந்திக்கிட்டேன்.”

பாவம், அந்த ரிப்பேர்காரருக்கு எத்தனை வேலை கைநழுவிப் போயிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

திரும்பி வந்து பெஞ்சைக் கவிழ்த்தேன். அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரும்புச் சட்டங்கள். குறுக்கே ஒரு திருகுத் தண்டு. தண்டில் ஓடும் நட்டில் மரை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இவ்வளவு சின்ன சமாசாரமா இத்தனை பிள்ளைகளைக் கீழே இறக்கியது? ஆச்சரியத்தில் கொஞ்ச நேரம் பொறாமைகூட மறந்துவிட்டது. நட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். தேயாத பக்கம் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. எண்ணெய் விட்டேன், ஆடின கால்களை முடுக்கினேன். அழுக்கு மட்டும் முழங்கை வரை ஒட்டியது.

மனைவி உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாக வாசித்தாள். பெஞ்ச் அசையவில்லை. நான்தான் ஓரடி உயர்ந்திருந்தேன்.

“அந்த ஆள நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு,” என்றேன்.

“யாருகிட்ட சொல்றது? ஆள் இருந்தாத்தானே.”

“இல்லையா?”

“நானும் அக்காவும் சேர்ந்து உண்டாக்கினோம். உயரம் நான் சொன்னது. விசில் அக்காவோடது.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. அதை வெளியே காட்டாமல் குரலை உயர்த்தினேன்.

“சரி, ஏமாந்துட்டேன். இனிமே இந்த வித்தை என்கிட்ட பலிக்காது.”

“தெரியுமே. அதான் சமையலறைக் குழாய்க்கு நிஜமாவே ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன்.” பியானோவை மூடினாள். “இவரு பாடுவாராம்.”

பச்சைப் பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு, மெல்லிசாக விசிலடித்தபடி சமையலறைக்குப் போனேன்.