மூன்று கஞ்சாச் செடிகளும் படிக்கட்டுப் பலகையும்

என் கையில் இதுவரை எந்தச் செடியும் பிழைத்ததில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி கெர்லிண்டெ ஒரு கள்ளிச்செடியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தாள். கள்ளிச்செடி தண்ணீரில் மூழ்கிச் செத்திருந்தது. ஜெர்மனியில் எங்கள் ராய்ட்லிங்கன் ஊரிலேயே கள்ளியை மூழ்கடித்த ஒரே ஆள் நான்தான்.

ஆனால் லிஃப்ட் என்று வந்துவிட்டால் கதையே வேறு. முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்தவன் நான். என் கையெழுத்துப் பட்ட லிஃப்ட் ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். நீங்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. வயது வந்த ஒவ்வொருவரும் வீட்டில் மூன்று கஞ்சாச் செடி வளர்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை, நண்பர்கள் நாங்கள் வாராவாரம் கூடும் பீர் மேசையில் அறிவித்தேன், நானும் வளர்க்கப் போகிறேன் என்று. மேல் வீட்டு வென்டலின் மீசையிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பென்ஷன் வாங்கும் தபால்காரன்.

"உன் கையிலயா? பாவம், சட்டப்படி பொறந்து சட்டப்படி சாகும்."

"பெந்தெகொஸ்தே பண்டிகை அன்னைக்கு எல்லாரும் என் வீட்டுக்குக் காபிக்கு வாங்க. மூணும் நிமிர்ந்து நிக்கும். இல்லேன்னா இந்த மேசைப் பக்கமே நான் தலைகாட்ட மாட்டேன்."

முப்பத்தொரு வருஷமாக அதே நாற்காலி. நான் உட்கார்ந்து உட்கார்ந்து அது என் அளவுக்கே பள்ளம் விழுந்திருக்கிறது. வாய் கொடுத்த பிறகுதான் கள்ளிச்செடி ஞாபகம் வந்தது.

கெர்லிண்டெயின் தையல் அறையைப் பிடித்தேன். கூடாரம், விளக்கு, விசிறி, ஈரமானி, வெப்பமானி எல்லாம் வந்து இறங்கின. விதை முளைத்தது. செடிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஏழு தடவை போய்ப் பார்த்து நோட்டில் குறித்தேன். மணியடித்தாற்போல் தண்ணீர். புட்டியில் போட்டிருந்ததற்கு இரண்டு பங்கு உரம். குளிருமே என்று விளக்கை இறக்கிவிட்டேன். என் சொந்தப் பிள்ளைகளை இப்படிக் கவனித்ததில்லை.

மூன்று வாரத்தில் ஒன்றாம் எண் தலையைத் தொங்கப்போட்டது. இரண்டாம் எண் மஞ்சள் பூத்தது. மூன்றாம் எண்ணின் இலை நுனியெல்லாம் கருகி, மண்ணில் குட்டிக் குட்டிப் பூச்சி பறந்தது.

கெர்லிண்டெ வாசலில் கை கட்டி நின்று பார்த்தாள். சமையலறை ஜன்னலோரம் வருஷா வருஷம் தக்காளி நாற்று காடாக வளர்ப்பவள்.

"எகோன், அதுக்குத் தாகமா இருக்கான்னு பார்த்தியா?"

"மணி நாலு. நாலு மணிக்குத் தண்ணி."

"நாலு மணிக்கு உனக்குக் காபி. அதுக்கு என்ன வந்தது?"

"தக்காளி வேற, இது வேற. இது நுட்பமான சாமான்."

"செடிதானே? ஒரு பத்து நாள் சும்மா விடு."

"சும்மா விடறதா? லிஃப்டைச் சும்மா விட்டா விழுந்துடும்."

"இது லிஃப்ட் இல்ல. சும்மா விட்டாத்தான் மேல போகும்."

பெண்பிள்ளைக்கு இயந்திரம் புரியாது என்று விட்டுவிட்டேன். அன்று எட்டாவது தடவையாகவும் போய்ப் பார்த்தேன். இப்போது இரண்டாம் எண்ணும் தொங்கியது.

இந்த நேரம் பார்த்துத்தான் பலகை வந்தது. எங்கள் கட்டடத்தில் மூன்றே வீடு. எந்த வீட்டுக் கதவில் பலகை தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டு, நிலவறை, வாசல் நடைபாதை எல்லாம் அவர்கள் பெருக்கித் துடைக்க வேண்டும். வாரம் முடிந்ததும் பலகை அடுத்த கதவுக்குப் போகும். எங்கள் முறையில் முப்பத்தெட்டு வருஷமாக வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. கெர்லிண்டெ பெருக்குவாள். நான் மேற்பார்வை.

"எகோன், மணிக்கட்டு பிடிச்சுக்கிச்சு. துடைப்பத்தைத் தூக்க முடியல," என்றாள். கையில் பெரிய கட்டு.

"என் செடி?"

"நாலு மணித் தண்ணிதானே? எழுதிக் கொடு, நான் பார்த்துக்கறேன். ஒரு கையால ஊத்தலாம்."

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன், அட்டவணையோடு. அவள் மரியாதையாக வாங்கி மடித்துக்கொண்டாள்.

படிக்கட்டு ஐம்பத்துநாலு படி. முப்பத்தெட்டு வருஷமாக ஏறி இறங்கியவன், அன்றுதான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு படியின் மூலையிலும் அழுக்கு முக்கோணமாக உட்கார்ந்திருந்தது. துடைப்பத்துக்கு அது அசையவில்லை. பழைய பல்துலக்கியை எடுத்தேன். முதல் நாள் பத்துப் படிதான் முடிந்தது. ஆனால் அந்தப் பத்தும் பளிங்கு. நோட்டில் புதுப் பக்கம் திறந்தேன்.

அடுத்த வாரம் வென்டலினுடைய முறை. பலகை எங்கள் கதவிலேயே தொங்கியது. வென்டலின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குனிய முடியல எகோன். எழுபது வயசுல இடுப்பு போச்சு."

"உனக்கு அறுபத்தாறுதானே?"

"வலி நாலு வயசு கூட்டிருச்சு."

மூன்றாம் வாரம் கீழ் வீட்டு ராப் அம்மா. தையற்கடை வைத்திருந்து ஓய்ந்தவர், சுறுசுறுப்பான மனுஷி. கதவிடுக்கில் காலை நீட்டிக் காட்டினார். கணுக்காலில் கட்டு.

"ஹேஃபெலே சார், கேக்கவே சங்கடமா இருக்கு. ஆனா நீங்க துடைச்ச படியில கால் வைக்கவே மனசு வரலைங்க. முகம் தெரியுது."

இப்படிச் சொன்ன பிறகு மனுஷன் மறுப்பானா? கட்டடமே ஆஸ்பத்திரியாகிவிட்டது. திடகாத்திரமாக நடமாடியது நான் ஒருவன்தான். அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட.

கைப்பிடியை மெழுகினேன். நிலவறையில் சிலந்திகளை வெளியேற்றினேன். நடைபாதைக் கல்லிடுக்கில் இருந்த புல்லைக் கத்தி முனையால் எடுத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் சொந்தக் கணவனைக் கூட்டி வந்து என்னைக் காட்டினாள். வேலை முடிந்து வந்தால் நேரே படுக்கைதான். செடியை எட்டிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. "நல்லா இருக்கு, போய்த் தூங்கு," என்பாள் கெர்லிண்டெ.

நான்காம் வாரம் அந்தப் பலகையையே சகிக்க முடியவில்லை. கயிற்றில் கோணலாகத் தொங்கி, காற்றுக்கு ஆடிக் கதவைக் கீறியது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு ஸ்க்ரூ போட்டு, என் கதவில் இம்மி பிசகாமல் முறுக்கிவிட்டேன். வேலைக் காலத்தில் லிஃப்டில் ஒட்டும் சோதனை ஒட்டுத்தாள் ஒன்று மிச்சம் இருந்தது. "சோதிக்கப்பட்டது. அகற்றக் கூடாது." அதையும் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். கண் நிறைந்தது.

ஐந்தாம் வாரம் ஒரு நாள் தையல் அறைக்குள் நுழைந்தேன். மூன்று செடியும் என் இடுப்புயரம். இலை ஒவ்வொன்றும் விரித்த கை மாதிரி. கரும்பச்சை. தண்டு விரல் தடிமன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். என் திட்டம் வேலை செய்துவிட்டது. கள்ளிச்செடிக்கு இப்போதுதான் ஆத்மா சாந்தியடைந்தது.

பெந்தெகொஸ்தே அன்று பீர் மேசை முழுவதும் என் வீட்டில். ராப் அம்மாவும் வந்தார். எல்லாரையும் கூடாரத்தின் முன் நிறுத்தி உரையாற்றினேன்.

"நண்பர்களே, அக்கறை, ஒழுங்கு, அளவு. நான்கே பக்கத் திட்டம். அதன் பலனைப் பாருங்கள்."

"அந்தத் திட்டத்தை நாங்க பார்க்கலாமா?" என்றான் வென்டலின்.

"தாராளமா," என்றாள் கெர்லிண்டெ. "தொட்டிக்குக் கீழ இருக்கு."

ஒன்றாம் எண்ணைத் தூக்கினாள். அடியில் என் நான்கு பக்கமும் மடித்தபடி இருந்தது, தொட்டி ஆடாமல் முட்டுக் கொடுப்பதற்கு. ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்கவில்லை. மை கலையவில்லை.

"கேக்குக்குக் கிரீம் தீந்துபோச்சே," என்றார் யாரோ. "என் வீட்டுல இருக்கு," என்று ராப் அம்மா ஓடினார். இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்குகிற சத்தம் கேட்டது. வென்டலின் இடம் போதவில்லை என்று ஓக் மேசையை ஒற்றை ஆளாகத் தூக்கி நகர்த்தினான். கெர்லிண்டெ வந்த கிரீமைக் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தாள், அதே மணிக்கட்டால், சுழற்றிச் சுழற்றி.

நான் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"மூணு பேருக்கும் ஒரே நேரத்துல குணமாயிடுச்சா?"

"மூணு செடிக்கும் ஒரே நேரத்துலதானே குணமாச்சு," என்றாள் கெர்லிண்டெ, அடிப்பதை நிறுத்தாமல். "அதுகளுக்கு வந்த சீக்கே நீதான் எகோன். உனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சும்மா இருன்னா அதுக்கும் அட்டவணை போடுவே. எதையாவது துடைச்சாத்தான் உனக்கு நிம்மதி. செடி தாங்காது, படிக்கட்டு தாங்கும்."

"தண்ணி?"

"மண்ணு காஞ்சா ஊத்தினேன். விளக்கை ஒரு முழம் மேல ஏத்தினேன். உரப் புட்டியை உன் பீர் அலமாரிக்குப் பின்னால ஒளிச்சேன். அவ்வளவுதான்."

வென்டலின்தான் தீர்ப்புச் சொன்னான்.

"மூணும் நிமிர்ந்து நிக்குதுய்யா. யார் ஊத்தினாங்கன்னு பந்தயத்துல பேச்சே இல்ல. நாற்காலி உனக்குத்தான்."

நாற்காலி கிடைத்தது. மானமும் முக்கால்வாசி மிஞ்சியது. அந்தத் தெம்பில் எழுந்து நின்றேன்.

"சரி. செடிக்காகச் செஞ்சீங்க, மன்னிச்சேன். ஆனா நாளையிலிருந்து முறைப்படி நடக்கணும். பலகை மேல் வீட்டுக்குப் போகுது. கழட்டிக்கிட்டுப் போ, வென்டலின்."

"தாராளமா," என்று அவன் கதவருகே போனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, இடுப்பு வலி இல்லாமல், பலகையைப் படித்தான். பிறகு ராப் அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னான். அவர் கெர்லிண்டெயைக் கூப்பிட்டார்.

"அகற்றக் கூடாதுன்னு போட்டிருக்கே," என்றாள் கெர்லிண்டெ. "அதிகாரி கையெழுத்தும் இருக்கு."

முன்பே சொன்னேனே, என் கையெழுத்துப் பட்டது எதுவும் இதுவரை கீழே வந்ததில்லை.