மெத்தைக் கடை வெப்சைட்டும் பிளைவுட் சுவரும்

அன்பும் அதைவிட அதிகமாகத் தூக்கக் கலக்கமும் நிறைந்த என் அக்கா மகளுக்கு,

உன் தாய்மாமனும் உன் கம்பெனியின் தற்காலிகச் சக்கரவர்த்தியுமான நான் எழுதும் மடல். நீயும் குழந்தையும் சுகம் என்று உன் அம்மா சொன்னாள். நான் சுகம் என்று சொல்ல ஆளில்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். "மாமா, லீவு முடிஞ்சு நான் வரும்போது கம்பெனி இருக்குமா?" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். உலகத்தில் ஒருவரும் நம்பப்போகாத கதை இது என்று, என் தலையில் மிச்சமிருக்கும் முடிகளின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

உன் ராஜ்ஜியம் உனக்குத் தெரியும்: ஒரே அறை, நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம், வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஆர்டர் எல்லாவற்றையும் கட்டிக் காக்கும் பெண். நான் அவளுக்கு வைத்த பெயர் கிடங்கு. அந்தப் பக்கம், இன்னது கேட்டால் இன்னதை அனுப்பு என்று புரோகிராம் எழுதும் பையன், அவன் புயல். இவன் கேட்காமலேயே அவளுடைய கிடங்கில் கையை விட்டு எடுப்பான். அவள் சொல்லாமலேயே சாமானை இடம் மாற்றி வைப்பாள். இப்படியே உன் ஒரே பெரிய வாடிக்கையான மெத்தைக் கடையின் வெப்சைட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் ஒரு அம்மாள் மெத்தை கேட்டுவிட்டு, அளவு என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார். காலி என்றால் கிடங்குக்கு "இன்னும் தெரியலை" என்று அர்த்தம். புயலுக்கோ "எந்த அளவானாலும் சரி, எல்லாம்" என்று அர்த்தம். அவ்வளவுதான், கண்ணு! தொட்டில் மெத்தையிலிருந்து ராட்சசர்கள் குடும்பத்தோடு படுக்கும் மெத்தைவரை அத்தனையும் அந்த அம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டன. மூன்றாவது மாடி. மாடிப்படி அடைத்துக்கொண்டது, லிஃப்ட் அடைத்துக்கொண்டது, மேல்மாடிக்காரர்கள் ஜன்னல் வழியாக மெத்தைமேல் குதித்து வேலைக்குப் போனார்கள், அதில் ஒருவர் சுகம் கண்டு திரும்பத் திரும்ப மேலே போய்க் குதித்தார். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் நிலைமையை ஆராய மெத்தையில் ஒரு நிமிடம் சாய்ந்தார்கள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கடைக்காரர் போன் செய்தார். அவர் குரலில் ரிசீவரே வியர்த்தது. "சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணலைன்னா, உங்க கம்பெனிக்கு ஒரு பெரிய கும்பிடு!"

நான் இருவரையும் விசாரித்தேன். "அவங்க காலியா விட்டா நான் என்ன அங்கிள் பண்றது?" என்றான் புயல். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? வாயில என்ன மெத்தையா?" என்றாள் கிடங்கு. உனக்கே தெரியும், நான் ரிட்டயர் ஆகும்வரை டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன். எந்தப் பயணியாவது கவுண்டரைத் தாண்டிக் குதித்து டிக்கெட்டைத் தானே கிழித்துக்கொண்டு போனதுண்டா? ஆகவே நான் சட்டம் போட்டேன்: இனிமேல் கேட்பவர் ஒரே ஜன்னலில், ஒரே மாதிரிதான் கேட்க வேண்டும், கொடுப்பவரும் ஒரே மாதிரிதான் கொடுக்க வேண்டும், காலியாக விடுவது குற்றம், இருக்கு, இல்லை, தெரியாது, மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "அங்கிள், இதுக்குப் பேரு ஏபிஐ. உலகமே இப்படித்தான் பண்ணுது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அப்ப நீங்க ஏன்டா பண்ணலை?" என்றேன். "அவர் கேக்கலை" என்றாள் கிடங்கு. "அவங்க கொடுக்கலை" என்றான் புயல்.

இனி வாயால் பேசிப் பயனில்லை என்று தச்சரிடம் ரம்பம் வாங்கிவந்து, பிளைவுட் தடுப்பில் அளவெடுத்தாற்போல் ஒரு அழகான ஜன்னலை நானே அறுத்தேன். அதன் வழியாகத்தான் எல்லாம். புயல் பேனா கேட்டால்கூடத் துண்டுச்சீட்டு. கிடங்கு தும்மினால்கூட, "தும்மல்: இருக்கு" என்று பதில் சீட்டு. அரைமணியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சூட்டோடு அதே முறையைக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஏற்றிவிட்டார்கள். இப்போது அளவைக் காலியாக விட்டால், வெப்சைட் மரியாதையாக "எந்த அளவுங்க வேணும்?" என்று கேட்கிறது. சாயந்திரம் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்க, கடையில் பாதி மெத்தைகள் நனைந்து போயின.

குழந்தை என் மூக்கோடு பிறக்காமல் தப்பியது போலவே எல்லா ஆபத்திலிருந்தும் தப்பி, ஊரே தூக்கிக் கொஞ்ச வளரட்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

என்றும் உன் பெருமைக்குரிய,
மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பித் தொலைக்காதே. மெத்தைகள் வண்டியில் ஏறும் முன்பே கடைக்காரர் பார்த்துத் தடுத்துவிட்டார். போனில் "கொஞ்சம் பாருங்க சார்" என்றுதான் சொன்னார். தீயணைப்பு வண்டியும் வரவில்லை, யாரும் குதிக்கவுமில்லை. சட்டம் போட்டதும் நானில்லை, அவர்களே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். இதில் உண்மை ஒரே ஒரு சின்னப் பகுதிதான்: ரம்பம். ஜன்னல் கொஞ்சம் கோணலாகிவிட்டது, நேராக்கினேன். மறுபக்கம் கோணியது, அதையும் நேராக்கினேன். நீ வரும்போது கம்பெனி இருக்கும், கண்ணு. சுவர்தான் இருக்காது.