மீட்டர் இருக்கும் இடம்வரை ஆறு சுத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையைக் கீழே பார்க்கவும்.

ஆற்று நீரின் மாசு அளவுகளை உங்கள் துறை கால்மணிக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிடப் போகிறது, அந்த ஏற்பாட்டைச் செய்தவர் நீங்கள் என்று தெரிந்ததும், எங்கள் சாயப்பட்டறை ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுவாரமே கம்பெனி பசுமைக்கு மாறியது. வாசல் கதவுக்குப் பச்சை வண்ணம், ஆண்டறிக்கை அட்டையில் எங்கள் ஆறு பார்த்தே இராத ஒரு மீன், எனக்கு ‘சுற்றுச்சூழல் அலுவலர்’ என்று பதவி. முன்பெல்லாம் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வருவார், ஆற்றில் எங்கே பாட்டிலை முக்குவார் என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பயத்திலேயே ஆறு ஓரளவு பிழைத்துக் கிடந்தது. நீங்களோ அளவுகளோடு வரைபடத்தையும் போட்டுவிட்டீர்கள், மாசை அளக்கும் மீட்டர் பாலத்தின் எந்தத் தூணில் இருக்கிறது என்பதுவரை. மேலாளர் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

“என்ன ஆபீசரே, நம்ம கழிவுக் குழாய் பாலத்தைத் தாண்டிப் போய் விழுந்தா இந்த மீட்டர் என்ன காட்டும்?”

“ஒண்ணும் காட்டாது சார்.”

“அப்ப நாம சுத்தமாயிட்டோம்!”

குழாயை நீட்டும் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பாலத்தைத் தாண்டினால் வருவது எங்கள் தெரு என்பது மை காய்ந்த பிறகுதான் உறைத்தது. இப்போது இணையத்தில் எல்லாம் பச்சை. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆர்டரை இரட்டிப்பாக்கினார்கள். சாயமும் இரட்டிப்பாகி எங்கள் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. “உங்க கம்பெனியில இன்னிக்கு என்ன கலர்னு கேட்டுட்டு வாங்க, அந்தக் கலர் துணியா பாத்து ஊறப் போடறேன்” என்கிறார் உங்கள் மாமியார். அவர் உள்ளங்கை உரிகிறது. கிணற்று நீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு இங்குள்ள உங்கள் துறை அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினார்.

“பச்சையாத்தானே சார் இருக்கு?”

“அது மீட்டரும்மா. இதுதான் தண்ணி.”

“இதைக் கம்ப்யூட்டர்ல எங்க சார் ஏத்தறது? இதுக்குக் கட்டமே இல்லையே.”

ஆகவே மாப்பிள்ளை, விடுமுறைக்குப் பேரனை அனுப்ப வேண்டாம். இந்தக் கிணற்றில் அவனைக் குளிப்பாட்ட எனக்குத் துணிவில்லை. எங்கள் தெருவைத் தாண்டி ஆற்றில் இன்னொரு மீட்டர் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள். இந்த மீட்டரால் உங்களுக்குக் கிடைத்த பதவி உயர்வுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: நேற்று உறையை ஒட்டப் போகையில் மேலாளரே வீட்டுக்கு வந்தார். “ஆபீசர் வீடு இங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று வருத்தப்பட்டார். குழாயை இன்னும் இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோகிறார்கள். திட்டத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேரனைத் தாராளமாக அனுப்புங்கள். மீட்டர் வேண்டாம். அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை.