பால்கனியில் தலை வாரியவள்

ஆற்றைத் தாண்டிக் குடிபோவதில்லை என்று விரோஜ் சபதமே போட்டிருந்தான். பாங்காக்கில் அவன் சிநேகிதர்கள் எல்லாரும் இந்தக் கரையில். சாயங்காலமானால் நூடுல்ஸ் கடை மேசையைச் சுற்றி அரட்டை. அது போனால் மனுஷன் சோறு தின்று என்ன பிரயோஜனம்?

ஆனால் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் வேறு வீடு கிடைக்காவிட்டால் நடுத்தெருதான். இந்தக் கரையில் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. அவன் மனைவி சவீவன் அந்தக் கரையில், தோன்புரியில், ஒரு மாடி வீடு பார்த்துவிட்டாள். சந்தை பக்கம். நல்ல காற்று. அங்கேயும் வாடகை கொஞ்சம் கையைக் கடித்தது.

சவீவனிடம் "வேண்டாம்" என்று சொல்லி ஜெயித்தவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அதனால் விரோஜ் குறுக்கு வழியில் இறங்கினான். வீட்டைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தான்.

"பால்கனியில ஒரு பொம்பள நின்னாளே, பார்த்தியா?"

"எவ அவ?"

"பச்சைப் பட்டு. முழங்கால் வரைக்கும் முடி. தலை வாரிக்கிட்டிருந்தா. கால் தரையிலயே படல."

சவீவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். பேய் இருக்கும் வீட்டில் பாங்காக்கில் யார் குடிபோவார்கள்? கதை முடிந்தது என்று விரோஜ் உள்ளுக்குள் குதித்தான்.

அவளோ அவனைத் தரதரவென்று வீட்டுக்காரி அம்போனிடம் இழுத்துப் போனாள். "நீங்க பார்த்ததை அக்காகிட்ட சொல்லுங்க."

சொன்னான். நாக்கு குழறியது. முழி பிதுங்கியது.

"மெதுவாப் பேசுப்பா! இன்னும் ரெண்டு வீடு காலியாக் கெடக்கு. வெளிய தெரிஞ்சா ஈ காக்கா எட்டிப் பார்க்காது."

"வேற இடம் பார்த்துக்கறோம் அக்கா" என்று சவீவன் எழுந்தாள்.

"உக்காரும்மா! பாதி வாடகை குடுங்க போதும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"பாதியா? சரி, பால்கனிதானே. அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"ஆனா பார்த்தவர்தான் அவ மனசைக் குளிர வைக்கணும்" என்றாள் அம்போன். " தினம் பொழுது சாயறப்ப வாசல்ல காவல் சாமி மாடத்துல இவர் கையாலயே ஊதுபத்தி ஏத்தி, சிவப்பு சோடா வெச்சுப் படைக்கணும்."

குடிபோனார்கள். காற்று அள்ளிக்கொண்டு போனது. பாதி வாடகை கொடுத்தவனுக்குத் தூக்கமும் சுகமாக வந்தது. ஆனால் சாயங்காலமானால் சிநேகிதர்கள் பழைய கரையில், சோடா பாட்டிலும் கையுமாக விரோஜ் தோன்புரிக் கரையில். பொய் வேறு நெஞ்சை அரித்தது. ஒருநாள் தாங்காமல் கொட்டிவிட்டான்.

"சவி, பேயும் இல்ல பிசாசும் இல்ல. நான் அடிச்ச புளுகு."

"தெரியும்."

"தெரியுமா!"

"நான் போய்ச் சொன்னா அக்கா நம்புவாங்களா? பொய் சொல்றப்ப நீங்கதான் பேயடிச்ச மாதிரி முழிப்பீங்க. அதான் உங்களையே சொல்ல வெச்சேன்."

அப்பாடா! நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது விரோஜுக்கு. இனி ஒளிக்க எதுவும் இல்லை. துள்ளி எழுந்து சட்டையை மாட்டினான்.

"அப்ப இந்த ஊதுபத்தி வேலைக்கு ஒரு கும்பிடு! நான் அக்கரைக்குப் போயிட்டு வரேன்."

சவீவன் சோடா பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

"அக்கா தினம் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருக்காங்க. பேய் போயிடுச்சுன்னா முழு வாடகை கேப்பாங்க. இருட்டறதுக்குள்ள ஓடுங்க!"