மேனேஜர் சர்வராக நின்ற நாள்

எடைமேடை மணி இருந்தான். கன்டெய்னருக்கு சீல் போடும் கன்னியம்மா இருந்தாள். லாரி டிரைவர் ஏழுமலை இருந்தான். மேனேஜர் இருந்தார். கேட்டில் பாஸ் கொடுக்கும் நான் இருந்தேன். நடுவில், கையில் சாக்பீஸோடு பொட்டலம் இருந்தான்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் யார்டுகள் நிறைய. கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் அதைவிட நிறைய. மேனேஜரை வெயிலில் நிறுத்தி வைத்துக் கம்ப்யூட்டரைச் சரி செய்தவன் உலகத்திலேயே இவன் ஒருவன்தான்.

மாத்தூரிலிருந்து சைக்கிளில் வருவான். மதியச் சாப்பாடு மூன்று பொட்டலம். சோறு ஒன்று, குழம்பு ஒன்று, பொரியல் ஒன்று. ஒன்றைத் தின்று முடித்த பிறகுதான் அடுத்ததைப் பிரிப்பான். வெறும் குழம்பை அவன் குடிப்பான். பார்க்கிற நமக்கு விக்கல் வரும்.

"கலந்து துன்னா இன்னாடா ஆவும்?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"குழம்பு கெட்டுச்சுன்னா சோறும் பூடும்க்கா. தனியா இருந்தா கெட்டத மட்டும் தூக்கிப் போட்லாம்."

அன்றைக்கு வைத்த பேர்தான் பொட்டலம். சொந்தப் பேர் சம்பளக் கவரில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

யார்டு புரோகிராமும் அப்படித்தான் என்பான். ஜாவாவில் எழுதியதாம். எடைக்கு ஒரு மாட்யூல், சீலுக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று. மூன்றும் ஒரே சர்வரில் ஓடும். ஒன்றை மாற்ற சர்வரை நிறுத்த வேண்டாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அரை மணிக்கு ஒரு தடவை, நான் இருக்கிறேனா என்று பார்க்க, சர்வர் ரூமிலிருந்து இன்டர்காம் அடிப்பான்.

"நைனா, கீறியா?"

"கீறேன்."

வைத்துவிடுவான். ஒரு நாள் நான் கக்கூஸில் இருந்தேன். பதில் போகவில்லை. ஓடி வந்து கதவைத் தட்டினான். உள்ளே இருந்தபடியே "கீறேன்டா!" என்று கத்தினேன். திருப்தியாகத் திரும்பிப் போனான்.

அந்த நாளுக்கு வருகிறேன். மதியம் துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. இன்றிலிருந்து பழைய பாஸ் செல்லாது. ஸ்கேன் செய்யக் கட்டம் போட்ட புது பாஸ் வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு கேட் மூடும். அதற்குப் பிறகு கப்பல் நிற்காது. யார்டில் நாற்பத்தொரு லாரி.

புது பாஸ் மாட்யூல் பொட்டலத்திடம் தயாராக இருந்தது. சர்வரில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

"நிறுத்திட்டு ஏத்து" என்றார் மேனேஜர்.

"நிறுத்துனா எழுப்ப மூணு மணி நேரம் ஆவும் சார். கிழட்டு மெஷினு. எடையும் நிக்கும், சீலும் நிக்கும். ஓடிக்கினு இருக்கும்போதே மாத்திடறேன்."

"நடுவுல நின்னா?"

பொட்டலம் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்தான்.

"கப்பல் போச்சுன்னா கான்ட்ராக்ட் போச்சு. நாளைக்கு இங்க யாருக்கும் வேலை இல்ல. உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்" என்றார்.

பொட்டலம் எங்களை எடைமேடைப் பக்கம் கூப்பிட்டான். தரையில் வட்டம் போட்டான்.

"சார், நீங்கதான் சர்வர். வட்டத்துல ஆடாம நில்லுங்க. மணி, நீ எடை. அக்கா, நீ சீல். நைனா, நீ பழைய பாஸ். ஏழுமல மாமு, நீ புது பாஸ், வெளியவே நில்லு. மத்தவங்க ஒரு கையால சார புடிங்க. இன்னொரு கையால, உங்க வேலைக்கு யாரு வேணுமோ அவங்க சட்டையப் புடிங்க."

"என் லாரி லைன்ல கீதுபா" என்றான் ஏழுமலை.

"நான் இன்னாத்துக்கு இவன் சட்டையப் புடிக்கணும்? பாக்கறவன் இன்னா சொல்வான்?" என்றாள் கன்னியம்மா. ஆனாலும் மணியின் சட்டையைப் பிடித்தாள். எடை தெரியாமல் சீல் போட முடியாது. சீல் இல்லாமல் நான் லாரியை வெளியே விட முடியாது. அவள் முந்தானைப் பக்கம் பார்த்தேன்.

"தொட்டே, கை இருக்காது."

சீல் பையை நீட்டினாள். அதைப் பிடித்தேன். மேனேஜரின் போன் அடித்தது.

"சர்வர் போன் எடுக்கக் கூடாது சார்."

அவர் எடுக்கவில்லை.

"நைனா, நீ கெளம்பு."

சாரையும் பையையும் விட்டு நடந்தேன். என் சட்டை பின்னால் இழுத்தது. மணி பிடித்திருந்தான். நான் நிற்கவில்லை, அவன் விடவில்லை. மணி சாய்ந்தான், கன்னியம்மா அவன்மேல் சாய்ந்தாள், மூவருமாக மேனேஜரை இழுத்தோம். சர்வர் தரையில் உட்கார்ந்தது. லைனில் இருந்த டிரைவர்கள் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள்.

பொட்டலம் மட்டும் சிரிக்கவில்லை. "நீ ஏன்டா நைனாவப் புடிச்சே?"

"பாஸ் நம்பர் இல்லாம எந்த லாரின்னு எடை எழுதறது? லாரி உள்ள வரும்போது நைனா குடுக்கற நம்பர்லதான் ஏத்தறேன்."

"புரோகிராம் காயிதத்துல அப்டி இல்லியே."

"காயிதமா எடை போடுது? நான் போடறேன்."

பொட்டலத்தின் முகம் வெளுத்துவிட்டது. பழைய பாஸைச் சும்மா பிடுங்கியிருந்தால் எடையும் அதோடு போயிருக்கும். எடை போனால் சீல். அப்புறம் சர்வரே உட்கார்ந்திருக்கும், மேனேஜர் உட்கார்ந்த மாதிரி.

"இன்னொரு வாட்டி. நைனா, நீ போவாத. மாமு, நீ வந்து நைனா பக்கத்துல நில்லு. மணி, மாமு சட்டைக்கு கைய மாத்து. ஆச்சா? இப்போ நைனா போ."

போனேன். யாரும் சாயவில்லை. மேனேஜர் ஆடவில்லை. வேர்த்து நின்றார்.

பொட்டலம் சர்வர் ரூமுக்கு ஓடினான். அதே வரிசையில் செய்தான். பழையது இருக்கும்போதே புதியதை ஏற்றினான். எடையைப் புதியதோடு கோத்தான். அப்புறம்தான் பழையதை எடுத்தான். எடைமேடையில் அப்போது ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. எடை காட்டும் நம்பர் அணையவில்லை. என் பிரின்டர் கட்டம் போட்ட பாஸைத் துப்பியது.

இன்டர்காம் அடித்தது.

"நைனா, கீறியா?"

"கீறேன்டா" என்றேன்.

லாரிகள் போக ஆரம்பித்தன. ஏழுமலை மட்டும் பாஸாக நின்றதில் லைனை விட்டுவிட்டான். கடைசியாகப் போனான்.

பொட்டலம் கேட் ரூமுக்கு வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட்டான். "உள்ள கீறியா?" என்பான். "கீறேன்" என்று பதில் வந்தால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. என் டூட்டி நாலு மணிக்கே முடிந்திருந்தது. நான் போகவில்லை. மணியும் போகவில்லை. கன்னியம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தே முக்கால். ஏழுமலை போனை எடுக்கவில்லை. மேனேஜர் சுவரையே பார்த்தார்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவனே கூப்பிட்டான். "பொட்டலம், உள்ள வந்துட்டேன். இன்னா, எல்லாரும் வூட்டுக்குப் போய்ட்டீங்களா?"

கன்னியம்மா அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். மேனேஜர் டீ சொன்னார்.

பொட்டலம் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். கேட் ரூமுக்கு இரண்டு தடவை வெள்ளை அடித்தார்கள். அந்தச் சுவரை மட்டும் விடச் சொன்னேன். கோடுகளை அவ்வப்போது எண்ணுவேன்.

நாற்பத்தொன்று.