கயிறு பிடிக்க ஓர் ஆள்

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் திரு. பெனிஸ்டன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிளாரன்ஸின் கணவன் ஹென்றி எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் நலம். தாங்களும், தாங்கள் ஓட்டும் துறைமுகக் கிரேனும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாததாலும், வாட்ஸ்அப்பில் தங்களை நானே பிளாக் செய்திருப்பதாலும் தபாலில் எழுதும்படி ஆயிற்று. பிளாரன்ஸ் வற்புறுத்தியதால் மட்டுமே எழுதுகிறேன் என்பதைக் கவனிக்கவும்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளி மாலை ஆறு மணிக்கு ‘கேம் ஜாம்’ என்று ஒரு போட்டி தொடங்குகிறது. அப்போதுதான் தலைப்பைச் சொல்வார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அதை வைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து அனுப்ப வேண்டும். பரிசு கிடையாது. முடித்தால் போதும். அந்த ‘முடித்தால்’தான் என்னைப் பிடித்து இழுத்தது. தங்கள் மகள் ஜாஸ்லின் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அத்தனை பேர் முன்னால் தாங்கள் சொன்னது நினைவிருக்கும்: “ஹென்றியா? கிட்டார் வாங்குவான், மீன்தொட்டி வாங்குவான், ஜப்பான் பாஷை படிப்பான். ஒண்ணையும் முடிக்க மாட்டான்.” நான் பாதி பிரியாணியில் எழுந்து வந்தேன். அதையும் முடிக்கவில்லை என்று பின்னால் சொன்னீர்களாம்.

ஆகவே ஆறு மாதமாக, கிளியரிங் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் யூடியூப் பார்த்துக் கோடிங் படிக்கிறேன். முதலில் சின்னதாக ஒன்று செய்து பழகு என்றார்கள். முத்துக்குளிக்கும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினேன். ஒருவன் மூழ்கிச் சிப்பி எடுக்க வேண்டும், வள்ளத்தில் இருப்பவன் அவனைக் கயிற்றால் மேலே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் குளிக்கப் போனவன் கடல் தரையையும் தாண்டிக் கீழே போய்விட்டான். அங்கே தரை இருக்கிறது என்று எழுத மறந்திருக்கிறேன். அதைச் சரிசெய்தால், இழுக்கும்போது வள்ளத்தில் நிற்காமல், சிறகு முளைத்த சம்மனசு மாதிரி வானத்துக்குப் போனான். அதையும் சரிசெய்தால், ஒரு சிப்பி எடுத்த இடத்தில் இரண்டு முளைத்து, இரண்டு நாலாகி, லேப்டாப் சூடேறி நின்றது. பிளாரன்ஸ் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு வேர்த்தது.

இதெல்லாம் தீர்ந்தது மச்சான். தீராதது அந்தக் கயிறு பிடிக்கிறவன். அவனைக் கம்ப்யூட்டரே ஓட்டும்படி எழுதினேன். கயிறு அசைந்தால் இழு என்றேன். கீழே இருக்கிறவன் திரும்பிப் பார்த்தாலே இழுத்துவிட்டான், ஒரு சிப்பியைத் தொட விடவில்லை. பத்து எண்ணிவிட்டு இழு என்றேன். இவன் நிதானமா எண்ணுதான், அங்கன ஒருத்தன் கையில முத்தோட செத்துக் கிடக்கான். இருபத்து மூணு தடவை மாத்திட்டேன். முந்தாநாள் பிளாரன்ஸ் விளையாடி, ஒன்பது முறை செத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “கம்ப்யூட்டருக்குத் தங்கச்சியா இருக்கு? அது எதுக்குப் பதறி இழுக்கப் போவுது?”

அந்தக் காலத்தில் குளிக்கப் போகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று உனக்கும் தெரியும். தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான். இதை நான் எந்த வரியில் எழுத? போன வருஷம் என் வேலை போகிற மாதிரி இருந்தபோது நான் பிளாரன்ஸிடம்கூட வாய் திறக்கவில்லை. நீதான் ரோட்டில் வண்டியை நிறுத்தி, “ஏலே, மூஞ்சி சரியில்லையே” என்றாய். எதைப் பார்த்துக் கண்டுபிடித்தாய் என்று இன்னும் எனக்குத் தெரியாது. இந்த எட்டு மாதமும் எனக்கு நன்றாக இல்லை மச்சான்.

நிற்க. போட்டியில் நான் தனியாகவே கலந்துகொள்கிறேன் என்பதையும், தங்கள் உதவி எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பனிமய மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
ஹென்றி

பின்குறிப்பு: பிளாரன்ஸ் எழுதச் சொல்லவில்லை, அவளுக்கு இந்தக் கடிதமே தெரியாது. போட்டி ஃபார்மில் கூட்டாளி பெயர் கேட்ட இடத்தில் போன வாரமே உன் பெயரைப் போட்டுவிட்டேன். தபால் வெள்ளிக்குள் வந்து சேருமா என்று சந்தேகம், அதனால் பிளாக்கை எடுத்துவிட்டு இதைப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஷிப்ட மாத்திக்கிட்டு அஞ்சு மணிக்கே வந்துரு. கோடிங்க நான் பாத்துக்கிடுதேன். நீ சும்மா பக்கத்துல இரு. என் மூஞ்சி சரியில்லன்னா இழு.